சிறைக்குள் நிம்மதி: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு மத்திய சிறை ஒன்றில் கைதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர் நான். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, மனு பார்க்க (உள்ளே இருப்பவரை நேரில் சந்திப்பதை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) காத்திருக்கும் குடும்பத்தினர் பேச்சுக் கொடுப்பார்கள். ஜாமீன், அப்பீல் பற்றிய சந்தேகங்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். இன்னொரு வகைக் கேள்வியை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உள்ளே இருக்கும் தங்கள் மனிதர் நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறாரே, வீட்டில் இருந்தபோது இல்லாத ஒரு பிடிப்பு வாழ்க்கையில் அவருக்கு இப்போது வந்திருக்கிறதே, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று.

திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யாருடைய அடையாளமும் இதில் இல்லை. சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில், முடிவெடுக்கும்முன் உங்கள் வக்கீலிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. "இங்கே நான் நல்லா இருக்கேன்மா, கவலைப்படாதேன்னு சொல்றான். எங்களைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றானா?"

ஆரம்பத்தில் பெரும்பாலும் பொய்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு, இந்தப் பக்கம் அழும் அம்மாவுக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. அதனால் "நல்லா இருக்கேன்" என்கிறார். அதில் தப்பில்லை.

கொஞ்ச காலம் போனபின் சொல்வது உண்மையா என்று அறிய ஒரு வழி உண்டு. "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாரா, அல்லது எதனால் நன்றாக இருக்கிறார் என்பதும் பேச்சில் வருகிறதா என்று கவனியுங்கள். கூட இருப்பவர் பெயர், பட்டறையில் நேற்று நடந்த விஷயம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், யாருக்கோ எழுதிக்கொடுத்த மனு என்று விவரம் வந்தால் நம்பலாம். பொய்க்கு அவ்வளவு விவரம் வராது.

2. "ஜெயில்ல போய் எப்படிங்க ஒருத்தருக்கு நிம்மதி வரும்?"

முதல் காரணம், வழக்கு முடிந்துவிட்டது என்பது. தீர்ப்புக்கு முந்தைய காலம்தான் ஆளை அரித்துத் தின்பது. வாய்தா, வாய்தா என்று தள்ளிப்போகும், சாட்சி வரமாட்டார், வக்கீல் மாறுவார், ஒவ்வொரு முறையும் நம்பிக்கை ஏறி இறங்கும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு முடிவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எடுத்த கணக்குப்படி மொத்தம் 5,73,220 பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை என்று ஒன்று சொல்லப்பட்டபின், அது எவ்வளவு நீளமானாலும், காலுக்குக் கீழே தரை வந்துவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள்.

இரண்டாவது, வெளியே அவரை இழுத்துக்கொண்டிருந்தவை உள்ளே இல்லை. தினமும் குடித்தவருக்குக் குடி நின்றுபோகிறது. முதல் சில நாட்கள் உடம்பு படாதபாடு படும், சிலருக்கு மருத்துவமே தேவைப்படும். அதைத் தாண்டியபின் தெளிந்த தலையோடு விடியும் காலையைப் பல வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். கந்துவட்டிக்காரன் கதவைத் தட்டமாட்டான், பகையாளி தெருமுனையில் நிற்கமாட்டான். அடுத்த வேளைச் சாப்பாடு எங்கே என்ற கேள்வியும் கிடையாது. இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டுதான் ஒருவர் இத்தனை நாளும் நடந்திருக்கிறார் என்பது, அது இறங்கியபின்தான் அவருக்கே தெரிகிறது.

இந்த இரண்டும் சேர்ந்து தருவது ஓய்வுதான். பிடிப்பு என்பது வேறு, அதற்கு 7-ஆவது கேள்விக்கு வாருங்கள்.

3. "எத்தனை நாள்ல அந்த மனநிலை வரும்?"

கணக்குச் சொல்ல முடியாது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருஷங்கள், சிலருக்கு வருவதே இல்லை. முதல் சில வாரங்கள்தான் எல்லாருக்கும் மிக மோசம். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, ராத்திரி லாக்கப் பூட்டும் சத்தம் காதிலேயே நிற்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "என்னை மறந்துடுங்க" என்பது போன்ற பேச்சு வந்தால், அன்றைக்கே வெளியே வந்ததும் சிறை நல அலுவலரையோ ஜெயிலரையோ பார்த்துச் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பதாகாது. மத்திய சிறைகளில் மருத்துவரும் மனநல ஆலோசகரும் இதற்காகவே இருக்கிறார்கள்.

4. "நாள் முழுக்க உள்ளே என்னதான் செய்வாங்க?"

காலையில் செல் திறந்து ஆள் கணக்கு எடுப்பார்கள். சாப்பாடு, பிறகு வேலை, மத்தியானச் சாப்பாடு, மறுபடி வேலையோ வகுப்போ விளையாட்டோ. பொழுது சாயும்முன் மீண்டும் கணக்கு எடுத்துப் பூட்டுவார்கள். கடுங்காவல் தண்டனை பெற்றவர் வேலை செய்தாக வேண்டும். வேலூர் சிறையில் ஷூ தைக்கிறார்கள், கோவையில் தறி ஓடுகிறது, புழலில் பேக்கரி இருக்கிறது. சில சிறைகளின் வாசலில் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க்குகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செய்த பொருட்களை விற்கும் சிறை பஜார் கடைகளும் உண்டு.

வேலைக்குக் கூலி உண்டு. அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்படும், கைதிக்கான பங்கு அவர் கணக்கில் சேரும். தொகை சிறியதுதான். அதிலிருந்து மகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் அனுப்பிய ஒருவர் அந்த வாரம் முழுக்க நடந்த நடையே வேறாக இருந்தது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

5. "சாதி பார்த்துத்தான் வேலை கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டோம். உண்மையா?"

பல மாநிலச் சிறை விதிகளில் அப்படி எழுதியே வைத்திருந்தார்கள். சமையல் ஒரு சாதிக்கு, துப்புரவு இன்னொரு சாதிக்கு என்று. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று தள்ளிவிட்டது. சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சாதி பார்த்துத் தனித்தனியே அடைப்பதும் கூடாது. நம்முடைய பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கமும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

ஆகவே உங்கள் ஆளுக்கு அப்படி நடந்தால் அது முறையீட்டுக்குரிய விஷயம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இதை இந்தப் பக்கத்தில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. உழைப்பு மனிதனை நிமிர்த்தும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறப்பைக் காரணம் காட்டித் தலையில் கட்டும் வேலை யாரையும் நிமிர்த்தாது.

6. "பத்தாவதுகூடத் தாண்டாதவர். இந்த வயசுல படிச்சு என்ன ஆகப் போகுது?"

வேலை கிடைக்குமா என்று கேட்டால், என்னால் உறுதி சொல்ல முடியாது. படிப்பு உள்ளே செய்யும் காரியம் வேறு.

எழுத்தறிவு வகுப்பு, எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ எல்லாம் சிறைக்குள் எழுதலாம். பொதுத்தேர்வுக்கு மத்திய சிறைகளில் தேர்வு மையமே போடுகிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கைதிகளிடம் கட்டணம் வாங்காமல் பட்டப்படிப்பு நடத்துகிறது. பேரறிவாளன் வேலூர் சிறையிலிருந்து 2012-இல் பிளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 மதிப்பெண் வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தி வந்த பிறகு "நானும் எழுதலாமா" என்று கேட்டவர்கள் நிறைய. நூலகங்களும் முன்பைவிடப் பரவாயில்லை. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்ற பெயரில் சிறைத்துறையே அரங்கு போட்டு வாசகர்களிடம் புத்தகம் வாங்கியது.

நான் பார்த்தவரை, படிப்பின் பலன் மதிப்பெண்ணில் தொடங்குவதில்லை. தன் பெயர் போட்டு வந்த நீதிமன்றக் காகிதத்தைத் தானே படிக்கும் நாளில் தொடங்குகிறது. அதுவரை யாரோ படித்துச் சொன்னதை நம்பியே வாழ்ந்தவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், மகளுக்குத் தன் கைப்பட முதல் கடிதம் எழுதினார். நாலே வரி. அந்த மகள் அதை லேமினேட் செய்து வைத்திருப்பதாக அவருடைய மனைவி சொன்னார். சில மாதங்களில், படிக்கத் தெரியாத பக்கத்து பிளாக்காரர்கள் தங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் வர ஆரம்பித்தார்கள். அதன்பின் அவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

7. "வேலையும் படிப்பும் எல்லாருக்கும் இருக்கு. சிலருக்கு மட்டும்தான் ஒரு பிடிப்பு வருது. ஏன்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பிடிப்பு வந்தவர்கள் எல்லாரிடமும் நான் பார்த்த பொது விஷயம், அவரை நம்பி இன்னொருவர் உள்ளே இருக்கிறார் என்பதுதான். மனு எழுதிக்கொடுப்பவர், சமையற்கட்டில் புதிதாக வந்தவருக்குப் பழக்கிவிடுபவர், நடக்க முடியாத முதியவரைக் குளிப்பாட்டுபவர், ராத்திரி அழும் இளைஞன் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பவர். நாளைக்கு நான் எழுந்திருக்காவிட்டால் ஒரு ஆளுக்கு ஒரு காரியம் நடக்காது என்ற நிலை வந்துவிட்டால், நாள் தானாக நகர்கிறது. தியானமோ நல்ல குணமோ இதற்கு முன் தேவை என்றில்லை. பல பேருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ ஒருவர் "அண்ணே, நீங்க இல்லாட்டி எனக்குக் கஷ்டம்" என்று சொல்வதே சிறைக்குள்தான்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஷாட் மருனா என்ற குற்றவியல் ஆய்வாளர், குற்றத்தை விட்டவர்களையும் விடாதவர்களையும் உட்கார வைத்து அவர்கள் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். விடாதவர்கள், தங்கள் விதி முன்பே எழுதப்பட்டுவிட்டதுபோல் பேசினார்கள். விட்டவர்கள், பட்ட பாடு இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும் என்று பேசினார்கள். கடல் கடந்த ஊரில் எடுத்த ஆய்வானாலும், நம் சிறை வகுப்பறையில் கேட்கும் பேச்சும் இதுவேதான்.

வெளியிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது, அவரையும் தேவைப்படுபவராக வைத்திருப்பது. அதற்கான வழி 17-ஆவது பதிலில் இருக்கிறது.

8. "வ.உ.சி. மாதிரி பெரியவங்க நாட்டுக்காகப் போனாங்க. குத்தம் பண்ணிட்டுப் போனவருக்கும் அதெல்லாம் பொருந்துமா?"

நியாயமான கேள்வி. சிறை என்றாலே தலைவர்களை உதாரணம் காட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை. 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். ஆனால் அவர் மனசாட்சி அவரைக் குத்தவில்லை. வெளியே மக்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சண்டையில் கத்தியை எடுத்துவிட்டு உள்ளே வந்தவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. அவர் முதலில் தான் செய்ததோடு ஒரே அறையில் இருக்கப் பழக வேண்டும்.

ஆனாலும் அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட வ.உ.சி.யிடம் அங்கிருந்த கைதிகள் அறநெறி கேட்க வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதே பிற்பாடு மெய்யறம் என்ற நூலாயிற்று. கேட்க வந்தவர்கள் தேசபக்தர்கள் அல்ல, குற்றம் செய்து தண்டனை பெற்ற சாதாரண ஆட்கள். நம் குடும்பங்களுக்கு உண்மையான முன்னோடிகள் என்று நான் நினைப்பது, பெயர் தெரியாத அந்தக் கைதிகளைத்தான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தபோது அவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

9. "ஒரு உயிர் போயிருக்கு. அந்த வீட்டுக்காரங்க இன்னும் அழுதுக்கிட்டிருக்காங்க. இவர் நிம்மதியா இருக்கறது நியாயமா?"

இதைக் கேட்டது ஒரு கைதியின் தங்கை. அவரைப் போல நேராகக் கேட்டவர்கள் குறைவு.

இரண்டு வகை நிம்மதி இருக்கிறது. ஒன்று, நடந்ததை மறந்துவிட்டதால் வருவது. "அவன்தான் முதல்ல கை வச்சான்", "என் நேரம்", "போலீஸ் ஜோடிச்சது" என்று பேச்சு அங்கேயே சுற்றும். அது நெடுநாள் நிற்பதில்லை, வெளியே வந்த வேகத்தில் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். (உண்மையிலேயே செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களுடைய போராட்டம் தனி.) இன்னொன்று, "நான் செய்தேன், அந்த உயிரைத் திருப்பித் தர முடியாது, மிச்சமிருக்கும் நாளில் யாருக்காவது பயன்பட வேண்டும்" என்பதிலிருந்து வருவது. இதில் துக்கமும் கூடவே இருக்கும். அந்த வீட்டில் திதி வரும் நாளில் இவரும் சாப்பிடமாட்டார். இந்த நிம்மதி நியாயமா என்று கேட்டால், ஆம் என்பேன். இவர் அழுகிப்போவதால் அந்த வீட்டுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை.

அதற்காக, மன்னிப்புக் கேட்டு அந்தக் குடும்பத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுத விடாதீர்கள், நீங்களும் தூது போகாதீர்கள். அவர்களுக்கு அது மறுபடி ஒரு அடியாக இருக்கலாம், வழக்கு ரீதியாகவும் சிக்கலாகும். அவர்களாகவே விரும்பினால் வக்கீல் வழியாகத்தான் அந்தப் பேச்சு நடக்க வேண்டும். விரும்பாமலே போனாலும் அது அவர்கள் உரிமை.

10. "அவர் உள்ளே புத்தகம் படிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கார். நான் வெளியே கடன், ஸ்கூல் ஃபீஸ், ஊர்ப் பேச்சுன்னு செத்துக்கிட்டிருக்கேன். எனக்குக் கோபமா வருது."

கோபம் வரத்தான் செய்யும். 2-ஆவது பதிலில் அவர் மேலிருந்து இறங்கியதாகச் சொன்ன பாரம் காற்றில் கரைந்துவிடவில்லை, அதை இப்போது சுமப்பது நீங்கள். தண்டனை ஒருவருக்கு என்று நீதிமன்றம் எழுதினாலும் வீட்டுக்கே சேர்த்துத்தான் விழுகிறது. இந்தக் கோபத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

அவரிடம் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். இந்த மாதம் வாடகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான் என்று. "உள்ளே இருப்பவரை ஏன் நோகடிக்க வேண்டும்" என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்க மறைக்க அவருடைய நிம்மதி வீட்டிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனியாக வளரும். கூலியில் ஒரு பங்கு வீட்டுக்கு அனுப்பலாம், பையனுக்கு அவர் கடிதம் எழுதலாம், எந்த நிலத்தை விற்பது என்ற முடிவில் அவரும் தலையைக் கொடுக்கலாம். உங்களுக்கும் சட்ட உதவி இலவசம். 5-ஆவது பதிலில் சொன்ன அதே சட்டம் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

11. "திடீர்னு பக்திமானா மாறிட்டார். நம்பலாமா?"

சாமி, பைபிள், குர்ஆன், தியானம் எதுவானாலும் அளவுகோல் ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவரிடம் நடந்துகொள்வது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் நல்லது. அந்த மாற்றம் எந்தச் சாமியின் பெயரால் வந்தது என்று நாம் சண்டை போட வேண்டாம்.

தியானம் பற்றி மட்டும் ஒரு தகவல். 1994 ஏப்ரலில், கிரண் பேடி தலைமையில் இருந்த டெல்லி திகார் சிறையில், தியான ஆசிரியர் கோயங்கா நடத்திய பத்து நாள் விபாசனா தியான முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு சிறைக்குள்ளேயே நிரந்தர மையம் வந்தது. பத்து நாள் தன்னோடு தான் மட்டும் இருப்பது எளிதல்ல. அங்கே ஓடி ஒளிய வழியில்லாமல் 9-ஆவது பதிலில் சொன்ன கேள்வி வந்து நிற்கும். உங்கள் ஆளுக்கு அப்படி வாய்ப்பு வந்தால் தடுக்காதீர்கள்.

12. "பொம்பளைங்க ஜெயில்லயும் இப்படித்தானா?"

கொஞ்சம் வேறு மாதிரி. பெண் உள்ளே போனால் மனு பார்க்க வருபவர்கள் சீக்கிரம் குறைந்துபோகிறார்கள். கணவனுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும் மனைவிகளைப் பார்க்கிறேன், மனைவிக்காக அப்படி நிற்கும் கணவர்கள் மிகக் குறைவு. ஆறு வயது வரை குழந்தையை அம்மாவோடு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்தக் குழந்தை வெளியே போகும் நாள், பிளாக்கில் ஒருவருமே சாப்பிடாத நாள்.

இதையும் சொல்லியாக வேண்டும்: அடிக்குப் பயப்படாமல் தூங்கியது இங்கேதான் என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அதைச் சிறையின் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது, அவர்கள் விட்டுவந்த வீடு அப்படி. சொந்தக் கையால் கணக்குப் பார்த்து, சம்பாதித்துப் பழகியதும் அவர்கள் பேச்சே மாறுகிறது. 2023-இல் புழல் அருகே பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனால் அங்கே வண்டிக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

13. "இன்னும் தீர்ப்பே வரலை, விசாரணைக் கைதி. அவருக்கும் இது பொருந்துமா?"

முழுசாகப் பொருந்தாது. 2-ஆவது பதிலில் சொன்ன தரை அவருக்கு இன்னும் வரவில்லை. வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் நாளும் வெறுமையாகப் போகும். படிப்பு, நூலகம், பிறருக்கு எழுதிக்கொடுப்பது ஆகியவற்றுக்குத் தடை இல்லை. அவரை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் சட்ட வேலை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவுப்படி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருப்பவர்களுக்கும் இது கிடையாது. கடைசியில் தண்டனை வந்தாலும், விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் அதில் கழியும்.

14. "ஆயுள் தண்டனை. பதினாலு வருஷத்துல வந்துடுவார்தானே?"

இல்லை, இந்த நம்பிக்கை பல குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. கொலை போன்ற வழக்குகளில் 14 வருஷம் கழிக்கும் வரை அரசு தண்டனைக் குறைப்பில் விடுவிக்க முடியாது என்பதுதான் சட்டம். அதன்பின் விடுவது அரசின் முடிவு. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 15 நெருங்கும்போதும் பிளாக்குகளில் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாதபோது ஆட்கள் வாரக்கணக்கில் சுருண்டு போகிறார்கள்.

அந்தத் தேதியை நம்பி இருப்பவர்களைவிட, நடுவில் நிறையத் தேதிகளை வைத்துக்கொண்டவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். அடுத்த தேர்வு, வீட்டுக்கு வந்துபோகும் அடுத்த விடுப்பு, தம்பி கல்யாணம், தோட்டத்தில் போட்ட கத்திரி காய்க்கும் நாள் என்று. நீண்ட தண்டனைக்காரர்களிடம்தான் புதியவர்களைத் தேற்றும் பக்குவத்தை அதிகம் பார்த்திருக்கிறேன். மனுவை முறையாகப் போடுங்கள், வக்கீலைத் தொடர்ந்து பாருங்கள். ஆனால் "இந்த வருஷம் கண்டிப்பா வந்துடுவீங்க" என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

15. "அப்ப ஜெயில் நல்ல இடம்னு சொல்றீங்களா?"

சொல்லவில்லை. நெரிசல், நோய், அதிகாரத்தின் சின்னச் சின்ன அவமானங்கள், உள்ளேயே நடக்கும் வன்முறை எல்லாம் உண்மை. திருட்டுக்குப் போய் ரவுடியாகத் திரும்பியவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த நிம்மதி எதுவும் சுவர் கொடுத்ததில்லை. ஒரு புத்தகம், ஒரு ஆசிரியர், மரியாதையாகப் பேசிய ஒரு வார்டர், பக்கத்து ஆள், விடாமல் வந்த ஒரு அம்மா என்று மனிதர்கள் கொடுத்தது. அதே மனிதர்கள் வெளியே முன்பே கிடைத்திருந்தால் பலர் உள்ளேயே வந்திருக்கமாட்டார்கள்.

சுவரே இல்லாமலும் தண்டனை நடக்க முடியும் என்பதற்குத் திறந்தவெளிச் சிறைகள் சாட்சி. ராஜஸ்தானின் சாங்கனேரில் கைதிகள் குடும்பத்தோடு வசித்து, பகலில் வெளியே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நம்மிடமும் கோவை சிங்காநல்லூரில், சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் விவசாயம் செய்யும் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. அங்கே மாறுவதற்கு உங்கள் ஆளுக்குத் தகுதி இருக்கிறதா என்று நல அலுவலரிடம் கேளுங்கள்.

16. "விடுதலை நெருங்க நெருங்கப் பயப்படறார். 'இங்கேயே இருந்துடலாம்'ங்கறார். புத்தி பேதலிச்சுப் போச்சா?"

இல்லை. வருஷக்கணக்கில் எப்போது எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று இன்னொருவர் முடிவு செய்த இடத்தில் இருந்துவிட்டு வருகிறார். வெளியே எல்லாவற்றையும் தானே முடிவு செய்ய வேண்டும். டீக்கடையில் காசுக்குப் பதில் போனை நீட்டுகிறார்கள். சாலையைக் கடப்பதே பயம். அதைவிடப் பெரிய பயம், உள்ளே அவர் வாத்தியார், மனு எழுதும் அண்ணன். வெளியே வந்தால் ஜெயிலுக்குப் போனவர், அவ்வளவுதான். 7-ஆவது பதிலில் சொன்ன அந்தத் தேவைப்படுதலை அவர் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.

ஆகவே விடுப்பில் வரும் நாட்களைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கறிக்குழம்பு வைத்துப் படுக்க வைக்காதீர்கள். ரேஷன் கடைக்கு அனுப்புங்கள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடச் சொல்லுங்கள், போனில் பணம் அனுப்பப் பழக்குங்கள். முழு விடுதலைக்கு முன்பே அவருக்கென்று ஒரு வேலையை வீட்டில் காலியாக வைத்திருங்கள், சின்னதானாலும் சரி. விடுதலையானவர்களுக்கு உதவ தமிழ்நாட்டில் விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் இருக்கிறது. தொழில் தொடங்க என்ன உதவி கிடைக்கும் என்று வெளியே வருவதற்குச் சில மாதங்கள் முன்பே விசாரியுங்கள். முடிந்தால், உள்ளே தான் எழுதிக்கொடுத்துப் பழகிய ஆட்களுக்கு அவர் தொடர்ந்து கடிதம் எழுதட்டும்.

17. "மனு பார்க்கப் போனா என்ன பேசறதுன்னே தெரியலை. அழுகைதான் வருது. என்ன பேசலாம்?"

நேரம் கொஞ்சம், சத்தம் அதிகம். அழுகை வந்தால் அழுங்கள், பாதகமில்லை. போகும்முன் இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ஒன்று, அவரிடம் கேட்க ஒரு யோசனை. "மோட்டார் ரிப்பேர், யாரைக் கூப்பிடறது?", "சின்னவளை எந்த குரூப்ல சேர்க்கலாம்?" என்று உண்மையாகவே பதில் வேண்டிய கேள்வி. அவர் சொன்னபடி செய்தால், செய்ததை அடுத்த முறை சொல்லுங்கள். இரண்டாவது, உள்ளே அவர் செய்யும் காரியத்தைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். "அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைச்சுதா, நீங்க எழுதிக்கொடுத்தீங்களே?" என்று.

அப்புறம், குழந்தைகளின் பரீட்சைப் பேப்பரை நகல் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள், திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். நேரில் கொண்டுபோகும் பொருட்களில் எதை அனுமதிப்பார்கள் என்பது சிறைக்குச் சிறை மாறும். வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடையாள அட்டையின் அசலையும் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.